படமாகப் போட்ட அறிவிப்பு காதுக்கு எட்டாது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி ஓடியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கே சாப்பாடு கிடைக்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், படகுக்கு யாரைக் கூப்பிடுவது என்ற விவரமெல்லாம் வண்ணப் போஸ்டர்களாகச் சுற்றின. போஸ்டர் என்பது படம். ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் டாக்பேக் போட்டுக் கேட்கிறவருக்கு அந்தப் படத்தில் கிடைப்பது ஒற்றைச் சொல்: "இமேஜ்". படத்துக்குள் இருக்கும் எழுத்தை எடுத்துப் படிக்கும் வசதி சில போன்களில் உண்டு. தமிழ் எழுத்துக்கு அதை நம்பி ஆற்றில் இறங்க முடியாது.

நம் வட்டாரத்துக்கு இது கூடுதலாகவே உறுத்த வேண்டும். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும், காதுகேளாதோருக்கான ஃபிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளியும் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட இடங்களில் படித்து, பயிற்சி பெற்று வெளியே வந்த தலைமுறைகள் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள், கையில் போன் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சின்ன அறக்கட்டளை இணையதளம் போட உட்கார்ந்தால் மனசில் வருவது நன்கொடை தருகிறவரின் கண் மட்டும்தான். உதவி கேட்டு வருகிறவர் அந்தத் தளத்தை எப்படிப் படிப்பார் என்ற கேள்வி கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். கீழே எழுதியிருப்பது எந்த ஒரு தளத்தையும் சுட்டி அல்ல. பொதுவாக எங்கே உடைகிறது, எப்படிச் சரிசெய்வது என்பது மட்டும்.

இணையப் பக்கங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்பதற்கு உலக அளவில் உள்ள விதிமுறை டபிள்யூசிஏஜி. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது, அதன் மூன்று நிலைகளில் நடுவான ஏஏ நிலையை எட்டினால் போதும். ஆனால் அந்த விதிகளை வைத்து எழுதிய சரிபார்ப்புப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பக்கத்தை மனசில் வைத்தவை. தமிழ்ப் பக்கம் உடைகிற இடங்கள் வேறு. அவற்றை முதலில் எடுத்துக்கொள்வோம்.

எந்த மொழி என்று பக்கமே சொல்ல வேண்டும்

டாக்பேக் போன்ற திரைவாசிப்பான் பக்கத்தைப் பார்ப்பதில்லை, நிரலைப் படிக்கிறது. நிரலின் தொடக்கத்திலேயே 'லாங்' என்றொரு பண்பு இருக்கும். தமிழ்ப் பக்கத்துக்கு அதில் 'டிஏ' என்ற இரண்டெழுத்து வேண்டும். விலைக்கு வாங்கிய தீம்களில் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலம் என்றே கிடக்கும். கண்ணால் பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கேட்கிறவருக்கோ ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டும். சில குரல்கள் பத்தி பத்தியாக மௌனமாகத் தாண்டும், சில எழுத்தெழுத்தாக எதையோ உளறும். தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டியது என்றால் செட்டிங்ஸ், அதில் ஜெனரல், அதில் சைட் லாங்குவேஜ். அங்கே தமிழைத் தேர்ந்து சேமித்தால் முடிந்தது சோலி. தமிழும் ஆங்கிலமும் தனித்தனிப் பக்கங்களாக இருந்தால் பாலிலாங் போன்ற ஒரு பிளகின் பக்கத்துக்குப் பக்கம் மொழியைத் தானே எழுதிக்கொள்ளும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே முழு ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் 'இஎன்' என்று போடுங்கள். ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் போடாதீர்கள், வாக்கியத்தின் நடுவில் ஆள் மாறி ஆள் பேசுகிற மாதிரி கேட்கும்.

சோதித்துப் பார்க்க உங்கள் கணினியிலும் தமிழ்க் குரல் வேண்டும். விண்டோஸ் கணினிக்கான என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் நிரலில் தமிழ் உண்டு, குரல் கொஞ்சம் தகரம் தட்டின மாதிரி. விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது, பேச்சு அமைப்புகளில் போய் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பழைய எழுத்துரு. பாமினியில் அடித்து ஏற்றின ஆண்டறிக்கைகளும் செய்திமடல்களும் பல தளங்களில் இன்னும் கிடக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே அது 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி'. திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும், கூகுளும் அதைத்தான் பார்க்கும். இலவச மாற்றிகளில் ஒட்டி, எந்தக் கருவியும் தமிழாகவே படிக்கிற யூனிகோடாக்கிவிடலாம். ஆனால் கை சுடுகிற இடம் ஒன்று உண்டு: பத்திக்குள் ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல், இணைய முகவரி, ஐஎஃப்எஸ்சி எல்லாம் மாற்றியில் போனால் தமிழ்க் குப்பையாகத் திரும்பி வரும். மாற்றும் முன் அவற்றை வெட்டித் தனியே வைத்துவிட்டு, பிறகு திரும்பச் சேருங்கள்.

யூனிகோடில் அடித்தாலும் தப்பாத ஒரு பிழை ஔகாரம். கௌரவத் தலைவர் இல்லாத அறக்கட்டளை நம் பக்கம் ஏது? அந்த 'கௌ' என்பது ஒரே உயிர்மெய். பலரும் அதை 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து 'கெள' என்று ஆக்கிவிடுகிறார்கள். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். காதில் அவர் 'கெ-ள-ரவத் தலைவர்' ஆகிவிடுவார். 'ஔவையார்' இதே கணக்கில் 'ஒ-ள-வையார்' ஆவார். பக்கத்தில் தேடினாலும் சிக்க மாட்டார், ஏனென்றால் தேடுகிறவர் சரியாக அடித்திருப்பார். தளம் முழுக்க 'கெள' என்று தேடி மாற்றலாம், ஆனால் 'எல்லாவற்றையும் மாற்று' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். மீன் வளர்ப்புப் பயிற்சிப் பக்கத்தில் இருக்கிற கெளுத்தி மீனும் சேர்ந்து செத்துப்போகும். துணைக்காலுக்குப் பதில் 'ர' அடிப்பதும் இதே குடும்பம். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், காதில்தான் 'பாளை' 'பரளை' ஆகும்.

எண்களிலும் சுருக்கங்களிலும் இதே சிக்கல். 'ரூ.500/-' என்பதைக் குரல் புள்ளி, சாய்கோடு, கழித்தல் என்று சிதைத்துச் சொல்லக்கூடும். '500 ரூபாய்' என்று எழுதினால் எந்தக் குரலும் தடுமாறாது. '12.10.25' என்பதைவிட 'அக்டோபர் 12, ஞாயிறு' எல்லாருக்கும் நல்லது, கண் தெரிகிறவருக்கும். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணைச் சேர்த்து எழுதினால் சில குரல்கள் கோடிக் கணக்கில் வாசிக்கும். ஐந்து ஐந்தாகப் பிரித்து இடைவெளி விட்டு, அழுத்தினால் நேரே அழைப்புப் போகிற இணைப்பாகவும் ஆக்கிவிடுங்கள்.

போஸ்டரும் பிடிஎஃபும்

"அண்ணாச்சி, போஸ்டர்லயே எல்லா விவரமும் இருக்கே, மறுபடி எதுக்கு டைப் அடிக்கணும்?" என்று தளம் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. பதில்: போஸ்டர் வடிவமைத்தவருக்கு வாட்ஸப்பில் யாரோ அந்த விவரத்தை எழுத்தாகத்தானே அனுப்பியிருப்பார். அதே எழுத்தை எடுத்துப் போஸ்டருக்குக் கீழே ஒட்டினால் போதும், புதிதாக எதையும் அடிக்க வேண்டியதில்லை. வாட்ஸப்பில் அனுப்பும்போதும் படத்தின் கேப்ஷனில் அதே விவரம் இருக்கட்டும்.

மற்றப் படங்களுக்கு 'ஆல்ட்' என்ற மாற்று உரை. அது காலியாகக்கூட இல்லாமல் அடியோடு விடுபட்டிருந்தால் திரைவாசிப்பான் வேறு வழியில்லாமல் கோப்பின் பெயரை வாசிக்கக்கூடும். வாட்ஸப்பில் வந்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் 'ஐஎம்ஜி, கோடு, 20231218, கோடு, டபிள்யூஏ 0042' என்று பன்னிரண்டு படத்துக்கும் பன்னிரண்டு தரம் கேட்க வேண்டும். கோலம், ஓரக்கோடு, அலங்காரப் பூ என்று சும்மா இருக்கிற படத்துக்கு ஆல்ட் பண்பைப் போட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விடுங்கள், வாசிப்பான் தாண்டிப் போகும். சேதி சொல்லும் படத்துக்கு அந்தச் சேதியை எழுதுங்கள். 'புகைப்படம்' என்று தொடங்க வேண்டாம், படம் என்பதை அது ஏற்கெனவே சொல்லிவிட்டது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேடை, பின்னால் பேனர், ஒரு பெண் மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்து சாவியை வாங்குகிறார், சுற்றிலும் ஏழு பேர். 'நலத்திட்ட உதவி' என்பது மாற்று உரை ஆகாது. 'பயனாளிக்கு ஸ்கூட்டர் வழங்கும் விழா' என்பது விழாவைச் சொல்கிறது, அந்தப் பெண்ணைச் சொல்லவில்லை. 'இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் அமர்ந்து சாவியை வாங்கும் இளம்பெண். பின்னால் அறக்கட்டளை நிர்வாகிகள்' என்று எழுதினால் படத்தில் யார் முக்கியம் என்பது காதுக்கும் போகும். மாற்று உரை எழுத உட்காரும்போதுதான், நிர்வாகிகளின் முகம் மட்டும் தெரிகிற படங்கள் தளத்தில் எத்தனை என்பதும் தெரியவரும்.

பிடிஎஃபை முடிந்தவரை தவிருங்கள் என்பதுதான் என் பக்கம். முகாம் அட்டவணை, விண்ணப்ப வழிகாட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு என்னென்ன சான்று வேண்டும் என்ற பட்டியல், இதெல்லாம் சாதாரணப் பக்கமாகவே இருக்கலாம். பிடிஎஃபே வேண்டும் என்றால் வேர்டில் தலைப்புக்குத் தலைப்புப் பாணி கொடுத்து, 'சேவ் ஆஸ்' வழியாக பிடிஎஃப் ஆக்குங்கள். அங்கே ஆப்ஷன்ஸ் உள்ளே அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கும் பெட்டி தேர்வாகி இருக்க வேண்டும். 'பிரிண்ட்' கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் அந்தக் குறிகள் எல்லாம் போய்விடும். பிறகு அந்த பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கொம்பு முன்னும் பின்னும் இடம் மாறி, 'கொ' மூன்று துண்டாகி வந்தால் திரைவாசிப்பானுக்கும் அதே துண்டுகள்தான் கிடைக்கும். கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த கடிதம் என்றால் பேச்சே இல்லை, அது முழுக்கப் படம்.

நன்கொடைப் படிவம்

அதிகம் உடைவது இங்கேதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். பல படிவங்களில் 'பெயர்', 'கைபேசி' என்பதெல்லாம் பெட்டிக்குள் வெளிர்சாம்பல் எழுத்தாக இருக்கும். எழுதத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பாதி நிரப்பிவிட்டுப் போன் வந்து, பேசிவிட்டுத் திரும்புகிறவருக்கு எந்தப் பெட்டி எதற்கென்று தெரியாது. பெட்டிக்கென்று பெயரே இல்லாவிட்டால் என்விடிஏ சொல்வது "எடிட், பிளாங்க்". ஆறு பெட்டி இருந்தால் ஆறு முறை "எடிட், பிளாங்க்". ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே 'லேபிள்' குறியில் பெயர் எழுதி, லேபிளின் 'ஃபார்' பண்பும் பெட்டியின் 'ஐடி'யும் ஒன்றாக இருக்கும்படி கட்டுங்கள். கட்டு சரிதானா என்று பார்க்கச் சுலப வழி: லேபிள் மீது கிளிக் செய்தால் கர்சர் பெட்டிக்குள் போக வேண்டும்.

பெயர், மின்னஞ்சல், கைபேசி பெட்டிகளுக்கு 'ஆட்டோகம்ப்ளீட்' பண்பு கொடுத்தால் போனே நிரப்பித் தரும். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் வாய்க்குச்சியால் தட்டுகிறவருக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு வேலை. தொகையை இழுத்துத் தேர்ந்தெடுக்கும் பட்டை அழகாக இருக்கலாம், நடுங்கும் கையால் 500-இல் நிறுத்த முடியாது. 100, 500, 1000 என்று பொத்தான்களும், வேறு தொகைக்கு ஒரு பெட்டியும் வையுங்கள். பொத்தான் குறைந்தபட்சம் 24-க்கு 24 பிக்சல் என்பது 2.2 பதிப்பின் விதி. பெருவிரல் வைத்துப் பார்த்தால் 44-க்கு 44 இருந்தால்தான் நிம்மதி.

வரிவிலக்கு ரசீதுக்குப் பான் எண் கேட்பார்கள். அதில் ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து, ஆக மொத்தம் பத்து. தவறாக அடித்தால் பெட்டியின் ஓரம் சிவப்பாகும், அவ்வளவுதான். நிறம் தெரியாதவருக்கும் திரை தெரியாதவருக்கும் ஏன் படிவம் போகமாட்டேன் என்கிறது என்று புரியாது. 'பான் எண்ணில் 9 எழுத்துதான் இருக்கிறது, 10 வேண்டும்' என்று பெட்டிக்குக் கீழே எழுத்தில் சொல்லுங்கள். அந்த வரியை 'ஏரியா-டிஸ்கிரைப்ட்பை' என்ற பண்பின் மூலம் பெட்டியோடு கட்டி, அனுப்பு பொத்தானை அழுத்தியதும் கர்சரை முதல் பிழைக்கே கொண்டுபோய் விடுங்கள். ஏற்கெனவே நிரப்பியதை அழிக்க வேண்டாம்.

ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லும் கோணல் எழுத்துக் கேப்சாவை எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொய்ப்பெட்டி வைத்து, அதை நிரப்புகிற ரோபோவைத் தள்ளிவிடுகிற தந்திரம் சின்னத் தளத்துக்குப் போதும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திரைக்கு வெளியே தள்ளி மட்டும் வைத்தால் திரைவாசிப்பான் அதைக் கண்டுபிடித்து வாசிக்கும், பார்வையற்றவர் பொறுப்பாக நிரப்புவார், தளம் அவரை ரோபோ என்று துரத்தும். 'டிஸ்ப்ளே நன்' கொடுத்து முழுசாக மறைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

கியூஆர் குறியும் அப்படித்தான். பக்கத்தைப் போனில் பார்க்கிறவர் அதே போனால் அதை எப்படி ஸ்கேன் செய்வார்? யுபிஐ முகவரியை எழுத்தில் கொடுத்து, பக்கத்தில் ஒரு 'நகலெடு' பொத்தான் வையுங்கள். வங்கிக் கணக்கு எண்ணுக்கும் அதேபோல. ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், பலரும் அதை ஆங்கில 'ஓ' என்று நினைப்பார்கள். 'ஐந்தாவது எழுத்து பூஜ்யம்' என்று ஒரு வரி சேர்த்தால் வங்கிக் கிளையிலிருந்து திரும்பி வருகிற பணம் குறையும்.

பணம் செலுத்தும் பக்கம் நம் கையில் இல்லை, ஓடிபி நேரமும் இல்லை. ஆகவே அங்கே போகும் முன்பே சொல்லிவிடுங்கள்: அடுத்து வங்கிப் பக்கம் திறக்கும், ஓடிபி வரும், முடியாவிட்டால் இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள்.

மௌஸைப் பிடுங்கி வைத்துவிட்டு

ஒரு கால்மணி நேரம் மௌஸ் வயரைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும் தளத்தைச் சுற்றி வாருங்கள். முதல் கேள்வி, நான் இப்போது எங்கே இருக்கிறேன்? தேர்வான இணைப்பைச் சுற்றி ஒரு கோடு தெரிய வேண்டும். 'அசிங்கமாக இருக்கிறது' என்று 'அவுட்லைன் நன்' போட்டு அதை அழித்திருப்பார்கள். அந்த வரியை நீக்கி, மூன்று பிக்சலில் அடர்நிறக் கோடு கொடுங்கள். அடுத்தது மெனு: மௌஸ் மேலே வந்தால் மட்டும் விரியும் மெனு டேப்புக்கு விரியாது. அதைப் பொத்தானாக்கி, என்டரில் திறந்து எஸ்கேப்பில் மூடும்படி செய்யுங்கள். 'டிவ்' குறிக்கு நிறம் பூசிப் பொத்தான் மாதிரி காட்டியிருந்தால் டேப் அதைத் தொடவே தொடாது. நிஜமான 'பட்டன்' குறியைப் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை தானே ஒழியும்.

பக்கம் திறந்ததும் 'நன்கொடை தாரீர்' என்று குதிக்கும் பெட்டி. டேப் அந்தப் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும் பக்கத்தில் திரிந்துகொண்டிருக்கும், மூடும் 'எக்ஸ்' எங்கே என்று கடைசிவரை தெரியாது. குதிக்கும் பெட்டியே வேண்டாம். வேண்டும் என்று நிர்வாகக் குழு பிடிவாதம் பிடித்தால், திறந்ததும் கர்சர் பெட்டிக்குள் போக வேண்டும், மூடும் வரை வெளியே போகக் கூடாது, எஸ்கேப்பில் மூட வேண்டும், மூடியதும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். முகப்பில் ஓடும் சிலைடரும் இதே வகை. ஐந்து விநாடிக்கு மேல் தானாக ஓடுவது எதுவாக இருந்தாலும் நிறுத்தும் பொத்தான் கட்டாயம். கீழே வலது மூலையில் மிதக்கும் வாட்ஸப் பொத்தான் அனுப்பு பொத்தானை மறைக்கிறதா என்றும் பாருங்கள், மறைத்துக்கொண்டுதான் இருக்கும்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தால் காட்டினால் போதாது, எச்1, எச்2, எச்3 குறிகளால் வரிசையாகக் கட்ட வேண்டும். என்விடிஏ வைத்திருப்பவர் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவார். கண்ணால் மேய்கிற வேலையை அவர் அப்படித்தான் செய்கிறார். இணைப்புகளைப் பட்டியலாக எடுத்தும் கேட்பார், அங்கே 'மேலும் படிக்க' என்று பன்னிரண்டு முறை வந்தால் என்ன பயன்? 'அம்பாசமுத்திரம் முகாம் விவரம்', 'செயற்கைக் கால் விண்ணப்பம்' என்று இணைப்பே தன் பெயரைச் சொல்லட்டும்.

நிறமும் எழுத்தும்

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளிர்வு விகிதம் 4.5-க்கு 1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளைமேல் சாம்பல் #777777 என்றால் 4.48, தோல்வி. #767676 என்றால் 4.54, தேர்ச்சி. வெள்ளைமேல் சுத்தச் சிவப்பு 4 தான் வரும், அவசர அறிவிப்பெல்லாம் அதில்தான் இருக்கும். வாட்ஸப் பச்சைமேல் வெள்ளை எழுத்து 2-ஐக்கூடத் தொடாது. சித்திரை வெயிலில் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நின்று போனைப் பார்க்கிறவருக்குப் பார்வைக் குறைபாடே வேண்டாம், இந்த விகிதம் புரிந்துவிடும்.

தமிழுக்கு 16 பிக்சல் நெருக்கம், 18-இல் தொடங்குங்கள். வரி இடைவெளி 1.6-க்குக் குறைந்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். பொத்தானுக்கு உயரத்தைக் கட்டிப் போட்டால் 'கீ', 'தீ' எல்லாம் தலை வெட்டுப்படும், உயரம் கொடுக்காமல் உள்ளிடைவெளி கொடுங்கள். 400 சதவீதம் பெரிதாக்கினால், அதாவது 320 பிக்சல் அகலத்தில், பக்கம் பக்கவாட்டில் நகரக் கூடாது. ஆங்கிலத்துக்கு அது எளிது. நம்மிடம் 'மாற்றுத்திறனாளிகளுக்கான' என்ற ஒரு சொல்லே திரையைத் தாண்டும். 'ஓவர்ஃப்ளோ-ராப்' பண்புக்கு 'பிரேக்-வேர்ட்' கொடுத்தால் சொல் மடங்கும். போனில் இரண்டு விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் 'யூசர்-ஸ்கேலபிள் நோ' என்ற வரி தலைப்பகுதியில் இருந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

காது கேளாதவருக்கு

தொடர்புப் பக்கத்தில் தொலைபேசி எண் மட்டும் இருந்தால் அந்தக் கதவு அவருக்குப் பூட்டியது. குறுஞ்செய்திக்கும் வாட்ஸப்புக்கும் ஓர் எண், சைகையில் பேச வீடியோ அழைப்புக்கு ஒரு நேரம் என்று எழுதி வையுங்கள். காணொளிகளுக்குத் தானாக வரும் வசன வரியை அப்படியே விடாதீர்கள். 'வாரும்', 'போவும்', 'என்னல' என்று நம் ஆட்கள் பேசுவதை இயந்திரம் எப்படி எழுதும் என்று சொல்ல வேண்டியதில்லை. வசன வரிக்கான எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடிலேயே எழுதலாம்: வரிசை எண், தொடக்க நேரமும் முடிவு நேரமும், பிறகு இரண்டு வரிக்கு மிகாத பேச்சு, ஒரு வெற்று வரி. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்வு செய்யாவிட்டால் தமிழ் கேள்விக்குறியாகிவிடும்.

வசன வரி எழுதினால் வேலை முடிந்தது என்றும் இல்லை. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைதான் தாய்மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. உதவித்தொகை விண்ணப்பம் போன்ற முக்கியப் பக்கங்களுக்கு இரண்டு நிமிஷச் சைகைமொழிக் காணொளி ஒன்று சேருங்கள். டெல்லியில் உள்ள இந்தியச் சைகைமொழி மையம் வெளியிட்ட 10,000 சொற்களின் அகராதி இணையத்தில் இருக்கிறது. ஆனால் பேச ஆள் வேண்டும் என்றால் பாளையங்கோட்டைக்கே போனால் போதும்.

குறுக்கு வழியும் சோதனையும்

ஒரே ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் முழுக்க அணுகலாகிவிடும் என்று சக்கர நாற்காலிப் படம் போட்ட பொத்தானை விற்பார்கள். எழுத்தைப் பெரிதாக்குவதும் நிறத்தை மாற்றுவதும் போனிலேயே இருக்கின்றன. பெயரில்லாத பெட்டிக்கு அந்தப் பொத்தான் பெயர் வைக்காது, படமான போஸ்டரை எழுத்தாக்காது. இப்படி விற்ற ஒரு நிறுவனத்தை அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2025-இல் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அந்தச் சந்தா பணத்தைச் சோதிக்க வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.

அணுகல் பிழைகளைத் தானே தேடும் வேவ், ஆக்ஸ், லைட்ஹவுஸ் எல்லாம் இலவசம், முதலில் அவற்றை ஓட்டிவிடுங்கள். வெப்எய்ம் என்ற அணுகல்தன்மை அமைப்பு 2025-இல் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்ததில் 94.8 சதவீதத்தில் பிழை, மிகப் பரவலானது நிற விகிதம். அதாவது இயந்திரம் கண்டுபிடிக்கிற பிழைகளையே உலகம் திருத்தவில்லை. ஆனால் லைட்ஹவுஸ் 100 காட்டினாலும் 'கெ-ள-ரவ' அதற்குத் தெரியாது, மாற்று உரையில் 'படம்1' என்று இருந்தாலும் தெரியாது. அதற்கு ஆள் வேண்டும். கணினியில் என்விடிஏ வைத்திருப்பவர் ஒருவர், போனில் டாக்பேக் வைத்திருப்பவர் ஒருவர், கை அசைவு குறைந்தவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர் என்று நாலு பேர் போதும். பஸ் காசும் அரைநாள் கூலியும் கொடுங்கள், உதவிதானே என்று கேட்காதீர்கள். மூன்று வேலை சொல்லுங்கள்: அடுத்த முகாம் எப்போது, எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். 100 ரூபாய் அனுப்ப வேண்டும். அலுவலகத்துக்கு எப்படி வருவது என்று சொல்ல வேண்டும். அவர்கள் தடுமாறும்போது பக்கத்தில் இருந்து 'கீழே போங்க' என்று எடுத்துக் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு குறித்துக்கொள்வதுதான் கஷ்டமான வேலை.

மூன்றாவது வேலையில் பல தளங்கள் விழும். வரைபடச் சட்டம் மட்டும் வைத்திருப்பார்கள், அதில் டேப் நுழைந்தால் வெளியே வரவே நேரமாகும். எழுத்தில் வழி சொல்லுங்கள்: எந்த நிறுத்தத்தில் இறங்குவது, எந்தக் கைப்பக்கம் எத்தனை மீட்டர், வாசலில் எத்தனை படி, சாய்தளம் எந்தப் பக்கம், கழிவறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா. சாய்தளம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள், ஆட்டோ பிடித்து வந்து திரும்பிப் போவதைவிட அது மேல்.

சட்டம் கேட்கிறவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, மின்னணு உள்ளடக்கமும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. தகவல் தொழில்நுட்பத்துக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17802. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்றது.

எல்லாம் சரிசெய்த தளம் பெரும்பாலும் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி கெடும். புதிதாக வந்த தன்னார்வலர் அவசரத்தில் ஒரு போஸ்டரை ஏற்றுவார், கீழே ஒரு வரியும் இருக்காது. அலங்காரப் படம் என்று குறிக்காத படத்துக்கு மாற்று உரை காலியாக இருந்தால் அதை வெளியிட விடாமல் தடுக்கும்படி பதிவேற்றும் திரையிலேயே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தளம் கட்டினவருக்கு அது அரைநாள் வேலை. அது ஆகிறவரை, பதிவேற்றும் கணினியின் மானிட்டர் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுங்கள்: 'போஸ்டரில் இருப்பது கீழே எழுத்தில் இருக்கிறதா?'